ஃபெஸ் பழைய நகரம்: எல்லாரும் மதிலைப் பார்க்குறாங்க, தண்ணியைப் பத்தி யாரும் பேசுறதில்ல

பழைய_கல்:

மொராக்கோவுல இருக்குற ஃபெஸ் பத்தி இங்க தனி இழை இல்ல, அதான் ஆரம்பிக்கிறேன். யூடியூப்ல தேடினா எல்லா வீடியோவும் ஒரே மாதிரி இருக்கு, நீலக் கலர் வாசல், கலர் கலரா தோல் தொட்டி, சந்துல வழி தெரியாம சுத்துறது, முடிஞ்சுது. 1200 வருஷ ஊர் ஏன் அந்த இடத்துல இருக்கு, ஏன் அந்த வடிவத்துல இருக்குன்னு யாருமே சொல்றதில்ல.

ஊர் பிறந்த கதையை வேகமா சொல்லிடுறேன். 786ல மக்காவுக்குப் பக்கத்துல ஃபக்ங்கற இடத்துல பாக்தாத்துலேர்ந்து ஆண்ட அப்பாஸிய கலீஃபாக்களுக்கு எதிரா எழுந்த கலகம் தோத்துப் போச்சு. அதுல உயிர் தப்பினவர் இத்ரீஸ், நபியோட வம்சம். எகிப்து வழியா மேற்கே போய்க்கிட்டே இருந்து, பழைய ரோமானிய ஊரான வொலுபிலிஸ்ல பெர்பர் மக்கள்கிட்ட அடைக்கலம் கிடைச்சு, அவங்களே அவரைத் தலைவரா ஏத்துக்கிட்டாங்க. 789 வாக்குல ஃபெஸ் ஆத்தோட கிழக்குக் கரையில ஊர் ஆரம்பிச்சார், 791ல இறந்துட்டார். மகன் ரெண்டாம் இத்ரீஸ் 809ல எதிர்க்கரையில இன்னொரு ஊர் கட்டினார். ஒரே ஆறு, நடுவுல ஓடுது, ரெண்டு பக்கமும் ரெண்டு ஊர், ரெண்டுக்கும் தனித்தனி மதில். ஸ்பெயின்ல இருக்குற கார்டோபாவுல 818ல கலகம் பண்ணித் துரத்தப்பட்டவங்க கிழக்குக் கரைக்கு வந்தாங்க, துனீசியாவோட கைரவான்லேர்ந்து வந்தவங்க மேற்குக் கரைக்கு. இன்னிக்கும் ஒரு பக்கத்துக்குப் பேரு அந்தலூஸ், இன்னொரு பக்கத்துக்கு கரவிய்யீன். 1070 வாக்குல அல்மொராவிட்ங்கற பெர்பர் அரச வம்சத்துத் தலைவர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் வந்து நடு மதிலை இடிச்சுத் தள்ளி ஒரே ஊராக்கினார்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். 1145ல அந்த அல்மொராவிடுங்களை எதிர்த்துக் கிளம்பின அல்மொஹாத் படை அப்துல் முஃமின் தலைமையில முற்றுகை போடுது. மாசக்கணக்கா உட்கார்ந்தும் மதிலை உடைக்க முடியல. கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா, ஊருக்குள்ள நுழையுற ஆத்தை மேல மரமும் மண்ணும் போட்டு அணை கட்டி மறிச்சாங்க. தண்ணி ஏரி மாதிரி தேங்கினதும் ஒரே நேரத்துல திறந்து விட்டாங்க. மதில் விழுந்துச்சு, வீடுங்களும் சேர்ந்து போச்சு, ஊர் கைக்கு வந்துச்சு. ஊர் வாழ்ந்ததும் அந்தத் தண்ணியால, விழுந்ததும் அதே தண்ணியால. அதனாலதான் ஃபெஸைப் புரிஞ்சிக்கணும்னா மதிலை இல்ல, ஆத்தைப் பிடிச்சிக்கிட்டே நடக்கணும்னு சொல்றேன். மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?

சைட்_இன்ஜினியர்:

அருமையான இழை. ஆனா மதிலை அவ்வளவு லேசா விட்டுட முடியாது நண்பரே, அந்தத் தண்ணிக் கதைக்கு மதிலோட பொருள்தான் பதில் சொல்லுது.

ஃபெஸ் மதில் பெரும்பாலும் கருங்கல் கிடையாது. மண்ணு. தபியான்னு சொல்வாங்க அங்க. ரெண்டு பக்கமும் பலகை அடைச்சு, நடுவுல ஈரமண், சுண்ணாம்பு, பொடிக்கல் கலந்து கொட்டி, மேல ஏறி நின்னு கட்டையால இடிச்சு இடிச்சு இறுக்கணும். ஒரு அடுக்கு இறுகினதும் பலகையைக் கழட்டி மேல ஏத்தி அடுத்த அடுக்கு. அந்தப் பலகையைத் தாங்குறதுக்குக் குறுக்கால போட்ட கட்டைங்களோட ஓட்டைதான் இன்னிக்கும் மதில் முழுக்க வரிசை வரிசையா சதுரம் சதுரமா தெரியுது. ஃபோட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க, ஒரு வரிசைக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளிதான் அன்னிக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு உயரம் இடிச்சாங்கங்கற கணக்கு. சுண்ணாம்பு சேர்த்ததால வருஷம் போகப்போக இறுகிக்கிட்டே வரும், அடிச்சா சீக்கிரம் உடையாது, மழையும் மேல பூச்சு நல்லா இருந்தா ஒண்ணும் பண்ணாது. ஆனா அடிவாரத்துல தண்ணி நின்னா போச்சு. அடி ஊறிப்போனா மேல இருக்குற எடையே அதைச் சாய்ச்சிடும். அப்துல் முஃமின் ஆளுங்களுக்கு இது தெரியாம இருந்திருக்காது, அவங்களும் அதே மண்ணுல மதில் கட்டுறவங்கதான்.

இன்னொண்ணு, இப்ப நாம பார்க்குறது இத்ரீஸ் காலத்து மதில் இல்ல. ஊரைப் பிடிச்ச கையோட அல்மொஹாதுங்க மிச்ச மதிலையும் இடிச்சுட்டாங்க, பிறகு அவங்க பரம்பரையிலேயே வந்த யாகூப் அல் மன்சூர் திரும்பக் கட்ட ஆரம்பிச்சு, அவர் மகன் முஹம்மது அந்நாசிர் 13ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல முடிச்சார். இன்னிக்கு ஊரைச் சுத்தி நிக்கிற கோடு பெரும்பாலும் அதுதான்.

கட்டிடக்காரி:

வாசலைப் பத்தி ஒண்ணு சேர்க்கிறேன். எல்லாரும் படம் எடுக்குற அந்த நீல வாசல் பாப் பூ ஜலூத், அது 1913ல பிரெஞ்சுக்காரங்க ஆட்சி வந்ததுக்கு அப்புறம் கட்டினது! வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. நேரா நின்னா வளைவுக்குள்ள பூ இனானிய்யா மதரசாவோட (மார்க்கக் கல்லூரி) மினாரா, அதாவது கோபுரம், அழகா உட்காரும், அப்படித் தெரியணும்னுதான் அந்த இடத்துல வச்சாங்க. அதுக்குப் பக்கத்துலயே பழைய வாசல் சின்னதா நிக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. அதுல நேரா உள்ள போக முடியாது, ஒடிச்சுத் திரும்பித்தான் போகணும். குதிரையில வேகமா வர்றவன் அங்க வேகத்தைக் குறைச்சே ஆகணும், மேலேர்ந்து காவலுக்கு நிக்கிறவனுக்கு நேரம் கிடைக்கும். ஒரு வாசல் எதிரிக்காகக் கட்டினது, இன்னொண்ணு கண்ணுக்காகக் கட்டினது, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல.

வீடும் அதே புத்தியிலதான் இருக்கு. சந்துல நடந்தா ரெண்டு பக்கமும் மொட்டைச் சுவரு, ஜன்னலே கண்ணுல படாது, யாரு பணக்காரன் யாரு ஏழைன்னு வெளியிலேர்ந்து சொல்ல முடியாது. கதவைத் திறந்தா ஒரு நடை, அது ஒரு திருப்பம் திரும்பும், அதனால கதவு திறந்திருந்தாலும் தெருவுல போறவனுக்கு உள்முற்றம் தெரியாது. முற்றத்துக்கு வந்தா வானம், நடுவுல தண்ணி, சுத்தி மூணு மாடி, கீழ சுவர்ல இடுப்பு உயரத்துக்கு ஸெல்லீஜ்ங்கற வண்ண ஓடு, அதுக்கு மேல சுண்ணச்சாந்து செதுக்கல், அதுக்கு மேல தேவதாரு மரம். இந்த வரிசை மாறவே மாறாது, ஏன்னா தண்ணியும் கையும் படுற இடத்துல ஓடு, படாத இடத்துல சாந்து, வெயிட் தாங்கணும்ங்கற இடத்துல மரம். அழகுக்குன்னு தனியா ஒண்ணும் யோசிக்கல, ஒவ்வொரு பொருளையும் அது தாக்குப்பிடிக்கிற இடத்துல வச்சிருக்காங்க, அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

மதுரைப்பய:

பூ இனானிய்யான்னதும் ஓடி வந்தேன். இதை 1350லேர்ந்து 1355 வரைக்கும் கட்டினவர் அல்மொஹாதுங்களுக்கு அப்புறம் ஆண்ட மரீனிட் வம்சத்து சுல்தான் அபூ இனான். அதே சுல்தான்தான் ஊர் சுத்திட்டு வந்த இப்னு பதூதாவைக் கூப்பிட்டு நீ பார்த்ததெல்லாம் சொல்லுன்னு உத்தரவு போட்டது. அவர் சொல்லச் சொல்ல கிரனாடாக்காரர் இப்னு ஜுஸய் எழுதி 1355 கடைசியில முடிச்சார்.

அதுக்குள்ள நம்ம ஊர் இருக்கு சார்! இலங்கையிலேர்ந்து கிளம்பினவர் கப்பல் உடைஞ்சு நம்ம கரையில ஒதுங்கி, மதுரை சுல்தான் கியாசுதீன் தம்கானிகிட்ட வர்றார். கியாசுதீன் அவருக்குச் சகலை முறை, ரெண்டு பேரும் ஜலாலுதீன் அஹ்சன் ஷாவோட பொண்ணுங்களைக் கட்டினவங்க. சகலைன்னு பார்க்கல, அந்த சுல்தான் சிறைபிடிச்ச பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் கொன்ன கொடுமையை அப்படியே சொல்லிக் கண்டிச்சிருக்கார். மதுரையில அப்ப கொள்ளைநோய் வந்து ஜனங்க செத்ததையும் சொல்லியிருக்கார். மதுரை சுல்தான்கள் பத்தி நமக்குக் கிடைக்கிற நேரடி சாட்சியத்துல பெரிய பங்கு ஃபெஸ்ல உட்கார்ந்து எழுதினது. எங்க ஊர் சரித்திரத்துல ஒரு அத்தியாயம் அந்த மதிலுக்குள்ளதான் எழுதப்பட்டுச்சுன்னு நினைச்சா சிலிர்க்குது.

காயல்_தம்பி:

அஸ்ஸலாமு அலைக்கும். பழைய_கல் காக்கா (எங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), கரவிய்யீன் பள்ளிவாசலைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே? 859ல ஃபாத்திமா அல் ஃபிஹ்ரிங்கற கைரவான் பொம்பளை வாப்பாகிட்டேர்ந்து வந்த சொத்து முழுசையும் போட்டுக் கட்டினாங்க, அவங்க தங்கச்சி மர்யம் எதிர்க்கரையில அந்தலூஸ் பள்ளியைக் கட்டினாங்க. எங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் வளர்த்தாங்க. உலகத்துலயே தொடர்ந்து நடக்குற பழைய பல்கலைக்கழகம்னு கின்னஸ்லயும் இருக்கு.

ஏடு_தேடி:

வ அலைக்கும் ஸலாம் தம்பி. கதை அழகானது, ஆனா ஆதாரத்தையும் பார்த்துடணும். ஃபாத்திமா பேரு நமக்குக் கிடைக்கிற பழைய நூல் இப்னு அபீ ஸர்உ எழுதினது, 14ஆம் நூற்றாண்டு ஆரம்பம். அதாவது சம்பவத்துக்கு 450 வருஷத்துக்கு மேல கழிச்சு. நடுவுல பள்ளியில பழுது பார்த்தப்ப ஒரு பழைய கல்வெட்டு கிடைச்சுது, அதுல ஹிஜ்ரி 263, நம்ம கணக்குல 877, கட்டச் சொன்னவர் தாவூத் இப்னு இத்ரீஸ்னு இருக்கு. அவர் இத்ரீஸ் வம்சத்து இளவரசர். இதை வச்சு சில வரலாற்றாசிரியர்கள் ஃபாத்திமா கதையையே சந்தேகப்படுறாங்க, ரெண்டு அக்கா தங்கச்சி ரெண்டு கரையில ரெண்டு பள்ளின்னு இவ்வளவு கச்சிதமா அமையுறதே கதை வாசனை அடிக்குதுங்கறாங்க.

பல்கலைக்கழகம்ங்கறதும் பார்த்துத்தான் சொல்லணும். மஸ்ஜித்ல வட்டமா உட்கார்ந்து பாடம் நடந்தது ரொம்பப் பழசு, அரசாங்கப் பல்கலைக்கழக அமைப்புக்குள்ள வந்தது 1963ல.

காயல்_தம்பி:

கல்வெட்டு வேற வேலைக்கானதா இருக்கலாமே காக்கா, 859ல ஒருத்தர் ஆரம்பிச்சு 877ல இன்னொருத்தர் சேர்த்துக் கட்டியிருக்கலாம்ல? அந்தப் பள்ளி பின்னாடி எத்தனையோ தடவை பெருசாச்சு. 956ல மினாரா வச்சாங்க, 1130கள்ல ஆரம்பிச்சு அல்மொராவிட் அமீர் அலி இப்னு யூசுஃப் காலத்துல இப்ப இருக்குற அளவுக்கு விரிச்சாங்க. ஒரு பொம்பளை கொடுத்த சொத்துங்கற நினைப்பு 450 வருஷம் வாய்வழியா நின்னுச்சுன்னா அதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு, எழுத்துல இல்லாததெல்லாம் நடக்கலைன்னு சொல்லிட முடியாது.

ஏடு_தேடி:

இருக்கலாம் தம்பி, நான் மறுக்கல. 859ங்கற வருஷத்தைக் கல்வெட்டு மாதிரி உறுதியா எழுதாதீங்கன்னு மட்டும்தான் கேக்குறேன்.

துபாய்_சரவணன்:

நான் போயிருக்கேன். வழக்கமான டூர் கதை வேணாம், ரெண்டு விஷயம் மட்டும்.

மவ்லாய் இத்ரீஸ், அதாவது ரெண்டாம் இத்ரீஸ், அடக்கஸ்தலத்துக்குப் போற சந்துங்கள்ல குறுக்கால ஒரு மரக்கட்டை போட்டிருப்பாங்க, நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேல. குனிஞ்சுதான் போகணும். கழுதையும் கோவேறு கழுதையும் அதுக்கு மேல போகக்கூடாது, அங்கேர்ந்து புனித எல்லை. அந்தக் காலத்துல அரசன்கிட்டேர்ந்து தப்பிச்சு ஓடி வர்றவன் அந்தக் கட்டையைத் தாண்டிட்டான்னா கைது பண்ண மாட்டாங்களாம். கட்டையோட நடுப்பகுதி கை பட்டுப் பட்டு வழவழன்னு கறுத்துப்போய் இருந்துச்சு, ஓரத்துல செதுக்கல் அப்படியே இருக்கு, நடுவுல தேஞ்சே போச்சு.

ரெண்டாவது ஷுவாரா தோல் தொட்டி. மேல மாடியிலேர்ந்து பார்க்கச் சொல்லி புதினாக் கொத்தைக் கையில குடுப்பாங்க, மூக்குல வச்சிக்கிறதுக்கு. வெள்ளைத் தொட்டியில சுண்ணாம்பும் புறா எச்சமும், அதுலதான் முடி உதிர்ந்து தோல் மெதுவாகும், அப்புறம் கலர்த் தொட்டி. முட்டி வரைக்கும் இறங்கி மிதிக்கிற ஆளுங்களைப் பார்த்துட்டு மேல நின்னு செல்ஃபி எடுக்க எனக்கு மனசு வரல. பழைய_கல் சார் சொன்னது அங்கதான் உறைச்சுது, அந்தத் தொட்டிங்க ஆத்தை ஒட்டிக் கீழ இருக்கு, ஊருக்குள்ள தண்ணி நுழையுற மேட்டுல இல்ல.

பழைய_கல்:

அதேதான் சரவணன். ஊர் ஒரு சரிவுல இருக்கு, மேற்குப் பக்கம் மேடு, அங்க பூ ஜலூத் பக்கத்துல ஆத்தைப் பிரிச்சு வாய்க்கால் வாய்க்காலா விடுவாங்க, மிச்சமெல்லாம் சரிவே பார்த்துக்கும். மோட்டார் இல்ல, பம்ப் இல்ல. ஆத்துத் தண்ணி ஒரு வலை, குடிக்கிற ஊற்றுத் தண்ணி தனி வலை, கழிவு போறது இன்னொரு வலை. மூணும் சந்துங்களுக்கு அடியில, சுட்ட மண் குழாயில. மஸ்ஜித், ஹம்மாம்னு சொல்ற பொதுக் குளியலறை, தெருக் குழாய், மாவு மில்லு, கடைசியில சாயப்பட்டறையும் தோல் தொட்டியும். அழுக்கு பண்ற வேலை எல்லாம் கீழ. இந்தக் குழாய் அடைப்பெடுக்குற ஆளுங்க தலைமுறை தலைமுறையா அதே வேலை பார்த்தவங்க, எந்த வீட்டுக்கு எது எங்கேர்ந்து பிரியுதுன்னு வரைபடம் அவங்க தலைக்குள்ளதான். அரண்மனை கட்டின சுல்தான் பேரெல்லாம் நமக்குத் தெரியுது, இவங்க ஒருத்தர் பேரும் தெரியல.

மரீனிடுங்க 1276ல பழைய ஊருக்கு வெளிய ஃபெஸ் ஜதீத்னு புது அரசு நகரம் கட்டினதுக்கு அப்புறம், அதை ஒட்டின அரசுத் தோட்டத்துக்குத் தண்ணி ஏத்த செவில்லேர்ந்து வந்த இப்னுல் ஹாஜ்ங்கற நிபுணர் ராட்சத நீர்ச்சக்கரம் அமைச்சார். அபூ இனான் 1357ல பூ இனானிய்யாவுக்கு எதிர்ல தண்ணியில ஓடுற கடிகாரமே வச்சார், 12 ஜன்னல், கீழ பித்தளைக் கிண்ணம், மணிக்கு ஒரு குண்டு விழும். எப்படி இயங்குச்சுன்னு இன்னிக்கு ஆளே இல்ல, அந்த நுட்பம் போயே போச்சு. இதைவிட எனக்கு முக்கியமா படுறது பூ இனானிய்யா உள்ளயே இருக்கு, முற்றத்துக்கும் தொழுகைக் கூடத்துக்கும் நடுவுல அந்த ஆத்து வாய்க்கால் குறுக்கால ஓடும். கட்டிடத்துக்குள்ள ஆத்தையே கூட்டிட்டு வந்துட்டாங்க.

கட்டிடக்காரி:

ஒவ்வொரு குடியிருப்புக்கும் மஸ்ஜித், குர்ஆன் பள்ளி, தண்ணிக்குழாய், ஹம்மாம், ரொட்டி சுடுற பொது அடுப்பு, இந்த அஞ்சும் நடக்குற தூரத்துல இருக்கும். வீட்டுல மாவைப் பிசைஞ்சு பலகையில வச்சுத் துணி மூடி பிள்ளைங்க கையில குடுத்து அனுப்புவாங்க, அடுப்புக்காரர் எந்த ரொட்டி எந்த வீட்டோடதுன்னு பார்த்தே சொல்லிடுவார். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிஞ்சா அந்த நெருக்கத்துல விறகும் புகையும் தாங்காது. பொதுவுல வச்சதால ஊர் பிழைச்சுது.

வடமராட்சி_வாசகன்:

நல்லாக் கதைக்கிறியள் எல்லாரும். நான் ஒண்டு கேக்கிறன். 1912 மார்ச்சில ஃபெஸிலதான் ஒப்பந்தம் கையெழுத்தாகி மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்புக்குக் கீழ போனது, தலைநகரும் ரபாத்துக்குப் போட்டுது. பிரெஞ்சு ஆளுநர் லியோத்தே பழைய நகரத்தில கை வைக்காதேங்கோ எண்டு சொல்லி, கொஞ்சத் தூரம் தள்ளிப் புது நகரம் கட்டினார், திட்டம் போட்டவர் ஆன்ரி ப்ரோஸ்ட். அதாலதான் இண்டைக்கும் ஃபெஸ் முழுசா இருக்கெண்டு நிறையப் பேர் நன்றியோட எழுதினம். எனக்கு அது பொறுக்கேல்ல. புது நகரத்தில அகலமான ரோட்டு, கரண்ட், எல்லா வசதியும் ஐரோப்பியருக்கு, பழைய நகரத்துச் சனத்துக்கு நீங்கள் அழகா இருக்கிறியள், அப்பிடியே இருங்கோ எண்டு சொல்லிறது பாதுகாப்போ, பூட்டி வைக்கிறதோ?

சைட்_இன்ஜினியர்:

பூட்டி வச்சதுதான். ஆனா விளைவையும் பார்க்கணும் அண்ணா. அல்ஜியர்ஸ்ல பிரெஞ்சுக்காரங்க பழைய ஊரோட கீழ்ப்பகுதியை இடிச்சு ரோடு போட்டாங்க, அது திரும்பி வரல. ஃபெஸ் தப்பிச்சுது.

வடமராட்சி_வாசகன்:

தப்பினது சுவர் தம்பி. வசதியான குடும்பங்கள் காசாபிளாங்காவுக்குப் போயிட்டினம், கிராமத்தில இருந்து வந்த ஏழைச் சனம் ஒரு வீட்டுக்கு நாலஞ்சு குடும்பமா வாடகைக்கு இருந்தது, வீட்டுக்காரரும் திருத்தேல்ல, இருக்கிறவைக்கும் திருத்தக் காசில்ல. இண்டைக்கும் ஒழுங்கையளில சுவருக்குச் சுவர் மரத்தடி முட்டுக் குடுத்து நிக்குது. 1981ல யுனெஸ்கோ பட்டியலில வந்தது நல்லம்தான், ஆனா முட்டுக் குடுத்த வீட்டுக்குள்ள பிள்ளை வளக்கிற தாய்க்கு அந்தப் பட்டியல் என்ன செய்யும்?

பழைய_கல்:

அண்ணா சொல்றது முழுக்க சரி, நானும் இதுல உங்க கட்சிதான். தண்ணி வலையே அதுக்கு சாட்சி. மேல ஆள் மாற மாற, அந்தப் பழைய குழாய்ங்களைப் பராமரிச்ச ஏற்பாடு தளர்ந்து போச்சு. முன்னாடி தர்மத்துக்குன்னு எழுதி வச்ச வக்ஃபு சொத்து வருமானத்துலேர்ந்து குழாய்க்கும் பள்ளிக்கும் மதரசாவுக்கும் காசு வரும். நகரத்து ஆத்தை ஒரு பகுதியில கான்கிரீட் போட்டு மூடி மேல வண்டி நிறுத்துனாங்க, சாக்கடை மாதிரி ஆக்கிட்டாங்க. அப்புறம் மொராக்கோ கட்டிடக் கலைஞர் அஸீஸா ஷாவூனி அந்த ஆத்தைத் திறந்து சுத்தம் பண்ற திட்டத்துல வேலை செஞ்சாங்க, கரவிய்யீன் நூலகத்தைப் புதுப்பிச்சதும் அவங்கதான். நூலகத்துல அவங்க போராடினதும் ஈரத்தோடதான், தரைக்கு அடியில தண்ணி. அந்த ஊர்ல எதைத் தொட்டாலும் தண்ணியில வந்து நிக்கும்.

மதுரைப்பய:

அடுத்த வருஷம் போகலாம்னு இருக்கேன் சார். தண்ணியைப் பிடிச்சிக்கிட்டே நடக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

பழைய_கல்:

முதல்ல ஊருக்கு வெளிய வடக்குக் குன்றுல இருக்குற போர்ஜ் நோர்துக்குப் போங்க, சஅதி வம்சத்து சுல்தான் அஹ்மத் அல் மன்சூர் 1582ல கட்டின கோட்டை. அங்கேர்ந்து ஊர் கிண்ணம் மாதிரி கீழ தெரியும். பீரங்கி ஊரைப் பார்த்து வைக்கிற மாதிரி கட்டினதையும் கவனிங்க, மராகெஷ்ல இருந்த அரசனுக்கு ஃபெஸ்காரங்க மேல அவ்வளவு நம்பிக்கை. அப்புறம் பூ ஜலூத் வழியா உள்ள வந்து தலா கபீரா தெருவுல இறங்குங்க, பூ இனானிய்யாவுல வாய்க்காலைப் பாருங்க, அங்கேர்ந்து சரிவாவே அத்தாரீன் மதரசா, கரவிய்யீன் வாசல், சஃப்பாரீன் சதுக்கத்துல செம்புப் பாத்திரம் அடிக்கிற சத்தம், அதுக்குக் கீழ சாயக்காரங்க தெரு, ஆறு. முஸ்லிம் அல்லாதவங்களை கரவிய்யீன் உள்ள விட மாட்டாங்க, வாசல்லேர்ந்து முற்றம் தெரியும். மதரசாக்களுக்கு டிக்கெட் வாங்கிப் போகலாம். பாலத்தைத் தாண்டி அந்தலூஸ் கரைக்கும் கண்டிப்பா போங்க, டூர் கும்பல் பெரும்பாலும் அங்க வராது. நல்ல பிடிப்பு உள்ள செருப்பு போட்டுக்கோங்க, கல்லு பாவின சரிவு, மழை பேஞ்சா வழுக்கும். பின்னாடி "பலாக்"னு சத்தம் கேட்டா உடனே சுவரோட ஒட்டிக்கோங்க, சரக்கு ஏத்தின கழுதை வருதுன்னு அர்த்தம், அது நிக்காது.